பட்டமும் பறத்தலும்

காஞ்சிபுரம் மாவட்டம் உத்திரமேரூரில் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவர்களில் தேர்வுமுறை ஒன்று கல்லில் வெட்டப்பட்டுள்ளது. முதலாம் பராந்தக சோழனின் காலத்தில், கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட அக்கல்வெட்டுகள், ஊர்ச்சபையின் வாரியங்களுக்கு உறுப்பினரைத் தேர்ந்தெடுத்த விதத்தை விரித்துரைக்கின்றன. ஊர் முப்பது குடும்புகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. தகுதியுடையோர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டுக் குலுக்கி, ஒரு சிறுவனைக் கொண்டு ஓலையை எடுக்கச் செய்தனர். இச்செய்தியைப் பலரும் அறிவர். ஆயினும் அக்கல்வெட்டு மிகுதியான வரிகளைச் செலவிடுவது குலுக்கலைச் சொல்வதற்கன்று. குடத்துக்குள் எந்த ஓலை செல்லலாம் என்பதை வரையறுப்பதற்கே. வயது, கல்வி, உடைமை, முன்பு வகித்த பொறுப்பில் கணக்குக் காட்டிய நேர்மை ஆகிய அனைத்தும் முதலில் ஆராயப்பட்டன. அதன் பின்னரே குடம் கொண்டுவரப்பட்டது.

அக்காலத் தகுதிகள் நிலமுடைய ஆடவர் சிலருக்கு மட்டுமே இடமளித்தன. இன்று அவ்வூரின் பள்ளிகளில் உழவர் வீட்டுப் பெண்ணும் நெசவாளர் வீட்டுப் பையனும் ஒரே வகுப்பில் அமர்ந்து பயில்கின்றனர். அவர்களுள் ஒருவர் வானூர்தி வடிவமைப்பாளராக விரும்பினால், எந்தப் பட்டப்படிப்பைத் தேர்வது என்னும் வினா எழும். உற்றார் ஒரு விடை சொல்வர். விளம்பரப் பலகைகள் வேறு விடை சொல்லும். கல்லூரியில் இடம் கிடைப்பதில் அவ்வாண்டின் தரவரிசைக்கும் ஓரளவு ஊழுக்கும் பங்கு உண்டு. எந்த ஓலைகளைக் குடத்திலிடுவது என்பதை ஆராயும் வேலை மட்டும் மாணவர் கையில் இருக்கிறது.

விருப்பத்தைப் பகுத்தறிதல்

‘விமானத் துறை’ என்னும் ஒரு சொல்லுக்குள் பல தொழில்கள் அடங்கியுள்ளன. வானூர்தியை ஓட்டுபவர் விமானி. அவருக்கு வேண்டியது பறத்தல் பயிற்சியும் உரிமமும். பறந்து வந்த வானூர்தியை ஆய்ந்து, பழுது நீக்கி, மீண்டும் பறக்கத் தகுதியுடையது எனச் சான்றளிப்பவர் பராமரிப்புப் பொறியாளர். அவருடைய உரிமத்தைப் பொது விமானப் போக்குவரத்து இயக்குநரகம் வழங்குகிறது. அதற்கெனத் தனிப் பயிற்சியும் தேர்வுகளும் உள்ளன. இன்னும் பிறக்காத வானூர்தியைக் கணக்கிலும் வரைபடத்திலும் உருவாக்குபவரே வடிவமைப்பாளர். அவருக்குப் பொறியியல் பட்டம் இன்றியமையாதது. பெரும்பாலும் முதுநிலைக் கல்வியும் தேவைப்படுகிறது.

இம்மூன்றும் மதிப்புக்குரிய தொழில்களே. ஆயினும் ஒன்றுக்கான படிப்பு மற்றொன்றுக்கு உதவுவது அரிது. பராமரிப்புப் பயிற்சியில் சேர்ந்துவிட்டுப் புதிய இறக்கையை வடிவமைக்கும் வேலையை எதிர்பார்ப்பவரும், வானூர்திப் பொறியியலில் சேர்ந்துவிட்டு விமானியாகும் நாளுக்குக் காத்திருப்பவரும் நாட்டில் இல்லாமல் இல்லை. ஆதலின் ‘எந்தப் பட்டம்?’ என்று கேட்பதற்கு முன் ‘எந்த வேலை?’ என்று தெளிதல் வேண்டும்.

இறக்கையின் கணக்கு

உத்திரமேரூருக்குத் தென்கிழக்கே சிறிது தொலைவில் வேடந்தாங்கல் பறவைகள் சரணாலயம் அமைந்துள்ளது. பருவத்தில் அங்குக் கூடுகட்டும் கூழைக்கடாக்களும் நத்தைகுத்தி நாரைகளும் சுற்றுவட்டார ஏரிகளிலும் வயல்களிலும் இரை தேடுகின்றன. பருத்த உடலையுடைய கூழைக்கடா, வெயிலில் சூடேறி மேலெழும் காற்றில் அகன்ற சிறகுகளை விரித்து, மிகக் குறைவாகவே சிறகடித்து வட்டமிட்டு உயர்கிறது. நாரையோ, நீரருகே இறங்கும்போது சிறகுகளை வளைத்து, வாலை விரித்துத் தாழ்த்தி, கால்களை முன்னே நீட்டுகிறது. குறைந்த வேகத்திலும் உடலைத் தாங்கும் விசையை மிகுதிப்படுத்திக்கொள்ளவும், அதே வேளையில் வேகத்தைக் குறைத்துக்கொள்ளவும் அது செய்யும் ஏற்பாடு இது. தரையிறங்கும் வானூர்தி தன் இறக்கையின் பின்விளிம்பிலுள்ள மடிப்புகளைக் கீழ்நோக்கி இறக்குவதும் இதே நோக்கத்தினால்தான்.

பறக்கும் பொருள்மீது நான்கு விசைகள் செயற்படுகின்றன. எடை கீழ்நோக்கி இழுக்கிறது. தூக்குவிசை மேல்நோக்கித் தாங்குகிறது. உந்துவிசை முன்னே செலுத்துகிறது. காற்றின் தடை பின்னே இழுக்கிறது. மற்றவை மாறாதிருக்க, வேகம் இருமடங்கானால் தூக்குவிசை நான்கு மடங்காகும். இறக்கையின் பரப்பு இருமடங்கானால் தூக்குவிசையும் இருமடங்காகும். அப்படியாயின் இறக்கையை விருப்பம்போலப் பெரிதாக்கலாமே எனத் தோன்றும். ஆனால் பெரிய இறக்கை தன் எடையையும் சேர்த்துச் சுமக்க வேண்டும். ஒரு பொருளின் நீள, அகல, உயரங்களை இருமடங்காக்கினால் அதன் பரப்பு நான்கு மடங்காகும்; பருமனோ எட்டு மடங்காகும். எடை பருமனோடு வளர்கிறது. தாங்கும் விசை பரப்போடு மட்டுமே வளர்கிறது. சிறிய மாதிரியை அப்படியே பெரிதாக்கிப் பறக்கவைக்க இயலாமைக்கு இதுவே காரணம்.

வடிவமைப்பாளரின் நாள்கள் இத்தகைய கொடுக்கல் வாங்கலிலேயே கழிகின்றன. இறக்கையை மெலிதாக்கினால் காற்றின் தடை குறையும், உறுதியும் குறையும். எரிபொருளைக் கூட்டினால் நெடுந்தொலைவு செல்லலாம். அக்கூடுதல் எடையைத் தூக்குவதற்கே மேலும் எரிபொருள் வேண்டும். எந்த ஒரு துறையின் விருப்பத்தையும் முழுமையாக நிறைவேற்றும் வானூர்தி எங்கும் இல்லை.

ஒரு சிறு பிழையின் விளைவை 1954ஆம் ஆண்டு உலகம் கண்டது. உலகின் முதல் ஜெட் பயணிகள் வானூர்தியான பிரித்தானியாவின் ‘காமெட்’ இரண்டு, அவ்வாண்டு ஜனவரியிலும் ஏப்ரலிலும் மத்தியதரைக் கடற்பகுதியில் நடுவானில் சிதைந்து விழுந்தன. பயணம் செய்தோர் எவரும் பிழைக்கவில்லை. காரணத்தை அறிய, அதே வகை வானூர்தியின் உடற்பகுதியைப் பெரிய நீர்த்தொட்டியில் அமிழ்த்தி, உள்ளழுத்தத்தை மீண்டும் மீண்டும் ஏற்றியும் இறக்கியும் ஆய்ந்தனர். திறப்புகளின் மூலைகளில் தகைவு குவிந்து, உலோகம் களைப்புற்று, விரிசல் கண்டது புலனாயிற்று. இயந்திரமும் இறக்கையும் செம்மையாக இருந்தும், ஒரு திறப்பின் மூலையைப் பற்றிய அறிவுக் குறை உயிர்களைக் கொண்டுபோயிற்று. இன்றைய பயணிகள் வானூர்திகளின் சன்னல்கள் வளைந்த மூலைகளுடன் அமைந்திருப்பதை எவரும் காணலாம்.

ஆதலின் வானூர்தி வடிவமைப்பு என்பது ஒரு தனிப் பாடமன்று. காற்றியக்கவியல், கட்டமைப்பு, உந்துவியல், பொருளறிவியல், கட்டுப்பாட்டியல், மின்னணுவியல், கணினி அறிவியல் ஆகிய பலவும் ஒரு மேசையைச் சுற்றி அமர்ந்து வாதிட்டு ஒப்புக்கொள்ளும் உடன்படிக்கை அது. மாணவர் தேர்வது அம்மேசையில் தமக்குரிய ஓர் இருக்கையை.

குரோம்பேட்டையில் நின்ற இரு விமானங்கள்

இத்தேர்வைத் தமிழகத்தில் செய்தவர்களுள் அனைவரும் அறிந்தவர் ஆ.ப.ஜெ. அப்துல் கலாம். இராமேசுவரத்தில் 1931இல் பிறந்த அவர், இராமநாதபுரம் சுவார்ட்சு உயர்நிலைப்பள்ளியில் பயின்று, திருச்சிராப்பள்ளி தூய வளனார் கல்லூரியில் இயற்பியல் பட்டப்படிப்பை மேற்கொண்டார். அப்படிப்பின் முடிவில்தான், தம் கனவுக்கு இயற்பியல் மட்டும் போதாது, பொறியியல் வேண்டும் என்று உணர்ந்தார். முன்னரே அத்தகைய தெரிவுகளை எடுத்துச்சொல்வார் அவருக்கு அருகில் இல்லை.

தொழிலதிபர் சி. இராசம் தம் இல்லத்தை விற்று, 1949இல் சென்னை குரோம்பேட்டையில் நிறுவிய தொழில்நுட்பக் கல்வி நிலையம், அந்நாளில் அறிவியல் பட்டதாரிகளைச் சேர்த்துக்கொண்டு மூன்றாண்டுப் பயிற்சி அளித்தது. கலாமுக்கு அங்கு இடம் கிடைத்தது. சேர்க்கைக்கு ஏறத்தாழ ஆயிரம் ரூபாய் தேவைப்பட்டது. குடும்பத்தால் எளிதில் திரட்ட இயலாத தொகை அது. அவருடைய தமக்கை சோரா, தம் பொன் வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்துப் பணம் பெற்றுத் தந்தார். தம் சொந்த உழைப்பால் அந்நகைகளை மீட்க வேண்டும் என்று கலாம் உறுதிபூண்டார்.

கல்லூரி வளாகத்தில், பணியிலிருந்து நீக்கப்பட்ட இரு விமானங்கள் காட்சிக்கு வைக்கப்பட்டிருந்தன. மற்ற மாணவர் விடுதிக்குத் திரும்பிய பின்னும் கலாம் அவற்றின் அருகில் நெடுநேரம் அமர்ந்திருப்பார். முதலாண்டு முடிவில் சிறப்புப் பிரிவைத் தேரும் வேளை வந்தபோது, வானூர்திப் பொறியியலைத் தயக்கமின்றித் தேர்ந்தார். அங்குப் பயிற்றிய பேராசிரியர் ஸ்பாண்டர், எதிர்கால வாய்ப்புகளை எண்ணிக் கவலுறுவதைவிட, அடிப்படையை உறுதியாக அமைத்துக்கொள்வதும் தேர்ந்த பாடத்தில் ஆழ்ந்த ஈடுபாடு கொள்வதும் முதன்மையானவை என அவருக்கு அறிவுறுத்தினார். தமக்கு எது பொருந்தும் என்று பாடங்களை வேறுபடுத்தி ஆராயாமல் தேர்ந்துகொள்வதே இந்திய மாணவரிடம் காணும் குறை என்பதும் அவர் கருத்து.

படிப்பின் இறுதியில், தாழப் பறந்து தாக்கும் விமானம் ஒன்றை வடிவமைக்கும் பணி கலாமிடமும் அவருடைய நண்பர் நால்வரிடமும் ஒப்படைக்கப்பட்டது. காற்றியக்க வடிவமைப்பைக் கலாம் ஏற்றார். உந்துவியல், கட்டமைப்பு, கட்டுப்பாடு, கருவிகள் ஆகியவற்றை மற்றவர் பகிர்ந்துகொண்டனர். பணி முன்னேறிய விதம் ஏமாற்றமளிப்பதாகக் கூறிய பேராசிரியர் சீனிவாசன், மூன்று நாள்களில் வரைபடம் முடியாவிடில் உதவித்தொகை நிறுத்தப்படும் என எச்சரித்தார். உதவித்தொகை நின்றால் படிப்பே நின்றுவிடும் நிலை. கலாம் இரவு உணவையும் உறக்கத்தையும் விடுத்து வரைபலகையில் உழைத்து, குறித்த காலத்தில் பணியை முடித்தார். பின்னாளில் பல துறையினரை ஒருங்கிணைத்து ஏவுகலம் செய்த மனிதர், பல துறைகள் ஒன்றை ஒன்று சார்ந்திருப்பதை முதன்முதலில் கற்றது அந்த வரைபலகையில் எனலாம்.

அக்கல்லூரித் தமிழ்ச் சங்கம் நடத்திய கட்டுரைப் போட்டியில், நம் வானூர்தியை நாமே உருவாக்குவோம் என்னும் பொருளில் தமிழில் எழுதி முதற்பரிசு பெற்றார் கலாம். பரிசை வழங்கியவர் ஆனந்த விகடன் ஆசிரியராக விளங்கிய எழுத்தாளர் தேவன். தாய்மொழியில் தெளிவாகச் சொல்ல முடிந்த கருத்தையே ஒருவர் உண்மையில் உணர்ந்திருக்கிறார் என்பதற்கு அப்பரிசும் ஒரு சான்று.

வேறு வழியாக வந்தவர்கள்

வானூர்திப் பொறியியல் என்னும் பெயரைத் தாங்கிய பட்டம் ஒன்றே வாயில் எனக் கருதுவதற்கும் இடமில்லை. இந்திய வானியல் பொறியியலின் முன்னோடிகளுள் ஒருவரான சதீஷ் தவான், கணிதமும் இயற்பியலும் கற்று, ஆங்கில இலக்கியத்தில் முதுகலைப் பட்டம் பெற்று, இயந்திரப் பொறியியலில் பட்டம் பெற்றார். அதன்பின் அமெரிக்கா சென்று வானூர்திப் பொறியியலில் உயர்கல்வி பயின்றார். 1951இல் கலிபோர்னியா தொழில்நுட்ப நிறுவனத்தில் முனைவரானார். ரோடம் நரசிம்மா பெங்களூரில் இயந்திரப் பொறியியலில் பட்டம் பெற்றவர். இந்திய அறிவியல் நிறுவனத்தில் காட்சிக்கு வைக்கப்பட்டிருந்த ‘ஸ்பிட்ஃபயர்’ விமானம் அவர் உள்ளத்தைக் கவர்ந்தது. அங்கேயே முதுநிலையில் வானூர்திப் பொறியியலைப் பயின்று, காற்றோட்ட ஆய்வில் உலகப்புகழ் எய்தினார். தேஜஸ் போர்விமானத் திட்டத்தை இயக்கிய கோட்டா ஹரிநாராயணாவும் பனாரஸில் இயந்திரப் பொறியியல் கற்று, பின்னரே வானூர்திப் பொறியியலுக்கு வந்தவர்.

இவர்களுடைய வாழ்க்கை இரு வழிகளைக் காட்டுகிறது. இளநிலையிலேயே வானூர்திப் பொறியியலைத் தேர்வது ஒரு வழி. காற்றியக்கவியலும் பறத்தல் இயக்கவியலும் தொடக்கத்திலேயே கைவரும் என்பது அதன் நன்மை. வானூர்தி வடிவமைப்புப் பணியிடங்கள் நாட்டில் சில நகரங்களில், குறிப்பாகப் பெங்களூரில், குவிந்திருப்பதும், அப்பணி கிட்டாவிடில் வேறு தொழிலுக்குத் தம்மைப் பொருத்திக்கொள்ள வேண்டியிருப்பதும் அதன் இடர்கள். இயந்திரப் பொறியியலில் இளநிலையும் வானூர்திப் பொறியியலில் முதுநிலையும் கற்பது மற்றொரு வழி. திண்மவியல், பாய்ம இயக்கவியல், வெப்ப இயக்கவியல் ஆகிய பொது அடித்தளத்தோடு பல தொழில்களுக்கான கதவுகளும் அதில் திறந்திருக்கும். முதுநிலைக்காகக் கூடுதலாக ஈராண்டு உழைக்கவும், ‘கேட்’ தேர்வில் சிறக்கவும் மன உறுதி வேண்டும் என்பது அதற்குரிய விலை.

குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்குச் செல்லும் ஒருவருக்கு இந்த வேறுபாடு சிறியதன்று. நான்காம் ஆண்டின் முடிவில் ஊதியம் வீட்டுக்குத் தேவைப்படும் நிலையிலுள்ளோர், இரண்டாம் வழியின் பாதுகாப்பை எண்ணுவதில் கோழைத்தனம் ஏதுமில்லை. காற்றியக்கவியலைத் தவிர வேறெதிலும் மனம் செல்லாதோர், முதல் வழியின் இடரை அறிந்தே ஏற்பதும் பேதைமையன்று. இடரை அறியாமல் ஏற்பதே தவறு.

மூன்றாவதாக ஒரு வழியும் உண்டு. வானூர்தி மேம்பாட்டு முகமை 1984இல் அமைக்கப்பட்டது. தேஜஸ் முதன்முதலில் பறந்தது 2001ஆம் ஆண்டு ஜனவரி 4 அன்று. அதன் முக்கோண இறக்கையில் கரியிழைக் கூட்டுப்பொருள்கள் பெரிதும் பயன்பட்டன. அதன் பறத்தலைக் கணினி வழிக் கட்டுப்பாடு நிலைப்படுத்தியது. எனினும், அதற்கென உள்நாட்டில் உருவாக்கத் தொடங்கிய ‘காவேரி’ எஞ்சின் வேண்டிய அளவை எட்டாமையால், தேஜஸ் அமெரிக்க எஞ்சினைக் கொண்டே பறக்கிறது. ஜெட் எஞ்சினின் சுழலித் தகடுகள், தம் உலோகத்தையே உருக்கவல்ல வெப்பமுடைய வாயுவின் நடுவே சுழல வேண்டும். அத்தகைய உலோகக் கலவையையும் அதனைக் குளிர்விக்கும் நுண்வழிகளையும் செய்யவல்ல நாடுகள் மிகச் சிலவே. உலோகவியலோ, பொருளறிவியலோ, மின்னணுவியலோ, கணினி அறிவியலோ பயிலும் ஒருவர் வானூர்தியிலிருந்து விலகிவிட்டதாக எண்ண வேண்டியதில்லை. நாட்டின் வானூர்திக் கனவில் நெடுநாளாக நிரப்பப்படாத இடம் அவருக்காகவே காத்திருக்கலாம்.

தகுதியும் துணையும்

கல்லூரியைத் தேரும்போது பட்டத்தின் பெயரைவிடப் பட்டறையின் நிலையை ஆராய்தல் நன்று. காற்றுச் சுரங்கம் உள்ளதா, அது இயங்குகிறதா, கட்டமைப்பு ஆய்வகத்தில் மாணவர் தம் கையால் சோதனை செய்கின்றனரா, இறுதியாண்டில் என்ன திட்டப்பணிகள் நடந்தன, முதுநிலை ஆய்வுக்குச் சென்றோர் எத்தனை பேர் ஆகிய வினாக்களை நேரிற் சென்று கேட்கத் தயங்குதல் ஆகாது. கலாம் பயின்ற கல்லூரி இன்று அண்ணா பல்கலைக்கழகத்தின் வளாகங்களுள் ஒன்று. அங்குள்ள இளநிலைப் பொறியியல் இடங்கள், கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் தலா 50 எனக் கணக்கிடப்படும் 200 மதிப்பெண் தரவரிசையால் நிரப்பப்படுகின்றன. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகம் போன்றவற்றுக்கு நாடு தழுவிய நுழைவுத்தேர்வுகள் உள்ளன. திருவனந்தபுரத்தில் 2007இல் தொடங்கப்பட்ட விண்வெளி அறிவியல் தொழில்நுட்ப நிறுவனமும் இத்துறைக்குரியது.

ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் பயின்றோருக்குப் பொறியியல் உள்ளிட்ட தொழிற்படிப்புகளில் 7.5 விழுக்காடு இடஒதுக்கீட்டைத் தமிழக அரசு 2021இல் சட்டமாக்கியது. அவ்வொதுக்கீட்டில் சேர்வோரின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. தமக்கையின் வளையல் அடகுக் கடைக்குச் சென்ற காலத்துக்கும் இக்காலத்துக்கும் உள்ள தொலைவு அது. வளையலைக் கழற்றித் தந்த தமக்கைக்கு அன்று கல்லூரிப் படிப்பு யாருடைய எண்ணத்திலும் இல்லை. இன்று அவளும் வகுப்பில் இருக்கிறாள். அடகு வைப்பவளாக மட்டுமன்றி, விண்ணப்பம் எழுதுபவளாகவும் இருக்கிறாள்.

தமிழில் ‘பட்டம்’ என்னும் சொல் கல்லூரி தருவதையும் குறிக்கும். நூலில் கட்டி வானில் விடுவதையும் குறிக்கும். காற்றாடியாகிய பட்டத்துக்கு வாலின் நீளமும் சூத்திரக் கயிற்றின் முடிச்சும் சரியாக அமையாவிடில், எத்தனை நல்ல காற்றடித்தும் அது குட்டிக்கரணம் அடித்து விழும். அதனைக் கையால் செய்து, விழுந்த காரணத்தை ஆராய்ந்து, மறுபடி கட்டிப் பார்த்த சிறுவர் சிறுமியர் நிலைப்புத்தன்மையின் முதற்பாடத்தைக் கற்றவரே ஆவர். பதினோராம் வகுப்பில் வரும் திசையன்களும் வகைநுண்கணிதமும் விசைகளின் சமநிலையும் அதே பாடத்தின் தொடர்ச்சி. தேர்வுக்காக மட்டும் அவற்றை மனப்பாடம் செய்வோர்க்கு அவை மதிப்பெண்ணோடு முடிந்துவிடும். ஏரிக்கரையில் இறங்கும் நாரையின் சிறகு ஏன் வளைகிறது என்று கேட்டு, அதற்குரிய சமன்பாட்டைத் தேடிச் செல்வோர், எந்தக் கல்லூரியில் எந்தப் பெயருடைய பட்டத்தில் சேர்ந்தாலும், வடிவமைப்பாளருக்குரிய பயிற்சியை ஏற்கெனவே தொடங்கிவிட்டவர்கள்.